மேலே போனா போதுமா, நேரா போக வேண்டாமா? ராக்கெட்டுக்கு கடிவாளம் போட்ட ராபர்ட் கோடார்ட்!

ராக்கெட்டைக் கிளப்புவது பாதி வேலைதான். அது சாயாமல் நேராகப் போகணுமே! அந்த மீதி வேலைக்காகவும் பல வருஷம் போராடியவர்தான் ராபர்ட் கோடார்ட்.

யார் இவர்?

1882-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். இயற்பியல் பேராசிரியர். ராக்கெட்டை நிலவுக்கே அனுப்பலாம்னு இவர் எழுதியதை, 1920-ல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் போட்டு கிண்டலடித்தது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எப்படி நகரும் என்பது அதன் வாதம்.

2.5 நொடி சாதனை

1926 மார்ச் 16. ஆபர்ன் ஊரில் உறவினர் பண்ணை. பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் நிரப்பிய ராக்கெட் 2.5 நொடி பறந்து, சுமார் 12 மீட்டர் உயரம் போய் விழுந்தது. உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் அதுதான்! எஞ்சினை மேலே வைத்தால் ராக்கெட் நேராகப் போகும்னு கோடார்ட் கணக்குப் போட்டார். ஆனா, அது பலிக்கவில்லை.

ராக்கெட் ஏன் சாயுது?

உள்ளங்கையில் ஒரு கம்பை செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் கையை நகர்த்திக்கிட்டே இருக்கணும். ராக்கெட்டும் அப்படித்தான். கிளம்பும்போது வேகம் குறைவு என்பதால் வால் சிறகுகளும் பெரிதாக உதவாது.

கோடார்ட் கண்ட வழி

1930-ல் குகன்ஹைம் குடும்பத்தின் நிதியுதவியோடு நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பகுதிக்குப் போனார். அங்கே ராக்கெட்டுக்குள் கைரோஸ்கோப் பொருத்தினார். வேகமாகச் சுழலும் இந்தச் சக்கரம் தன் திசையை விடாது. ராக்கெட் சாய்ந்தால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். உடனே எஞ்சின் வாயுவின் பாதையில் இருக்கும் தகடுகள் திரும்பி, ராக்கெட்டை நிமிர்த்தும்.

1935 மார்ச் 28-ல் இப்படிப் பறந்த ராக்கெட் சுமார் 1,460 மீட்டர் உயரத்தை எட்டியது. 1937-ல் எஞ்சின் பகுதியையே அசைத்துத் திருப்பும் முறையையும் சோதித்தார்.

தாமதமாக வந்த மரியாதை

1945 ஆகஸ்ட் 10-ல், 62 வயதில் கோடார்ட் இறந்தார். அவர் பெயரில் உள்ள 214 காப்புரிமைகளில் 131, அவர் இறந்த பிறகு மனைவி எஸ்தரின் முயற்சியால் கிடைத்தவை. அவற்றைப் பயன்படுத்தியதற்காக 1960-ல் அமெரிக்க அரசு 10 லட்சம் டாலர் கொடுத்தது.

1969-ல் அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், நியூயார்க் டைம்ஸ் தன் பழைய தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அந்த சாட்டர்ன் 5 ராக்கெட்டை நேராகக் கொண்டு போனதும், முதல் நிலையில் அசைந்து திரும்பிய நான்கு எஞ்சின்கள்தான். அதைப் பார்க்கத்தான் கோடார்ட் இல்லை.