பிளாஸ்டிக்கின் வழியே ஒளியைச் செலுத்திய ஜோ கொலம்போ

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோ கொலம்போ 1930ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று மிலான் நகரில் பிறந்தார். 1971ஆம் ஆண்டு அதே ஜூலை 30 அன்று, தமது 41ஆவது பிறந்த நாளில், மாரடைப்பால் காலமானார். மிலானில் அவர் சொந்தமாக வடிவமைப்புக் கூடம் நடத்திய காலம் பத்து ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. விண்வெளி யுக விளக்குகள் என்று இன்று போற்றப்படுபவற்றுள் சில அந்தக் குறுகிய காலத்தில் பிறந்தவை.

சேசரே என்பது அவரது இயற்பெயர். பிரேரா கலைக் கழகத்தில் ஓவியமும், பின்னர் மிலான் பாலிடெக்னிக்கில் கட்டடக் கலையும் பயின்றார். அணுகுண்டுக் காலத்தின் அச்சத்தை ஓவியத்தில் வடிக்க முனைந்த 'அணு ஓவிய' இயக்கத்தில் 1950களின் தொடக்கத்தில் இணைந்தார். ஓவியராகவே நிலைத்திருக்கக் கூடியவர்தாம். ஆனால், அந்தப் பத்தாண்டின் இறுதியில் குடும்பத்தின் மின்சாதனத் தொழிற்சாலையை நடத்தும் பொறுப்பு அவர்மீதும் தம்பி ஜான்னி மீதும் விழுந்தது. கடமையாக ஏற்ற அப்பணியே அவரைப் புதிய பொருள்களிடமும் உற்பத்தி முறைகளிடமும் கொண்டு சேர்த்தது.

மரத்துக்கும் கண்ணாடிக்கும் மலிவான மாற்று என்றே பலரும் பிளாஸ்டிக்கைக் கருதிய காலம் அது. 1962இல் சகோதரர்கள் இருவரும் ஓலூச்சே நிறுவனத்துக்காக 'அக்ரிலிகா' என்னும் மேசை விளக்கை உருவாக்கினர். வண்ணம் பூசிய உலோக அடித்தளத்துள் குழல்விளக்கு ஒன்று மறைந்திருக்கும்; அதிலிருந்து தடித்த, ஒளிபுகும் அக்ரிலிக் பட்டை பிறைபோல் வளைந்து எழும். பட்டைக்குள் நுழையும் ஒளி அதன் வளைவைப் பின்பற்றிச் சென்று மறுமுனையில் சுடரும். இழை விளக்கைவிடக் குழல்விளக்கின் வெப்பம் குறைவு; ஆகவே அதன் அருகில் பிளாஸ்டிக்கை வைக்க முடிந்தது. எளிய உத்திதான். எனினும் 1964இல் மிலான் திரியெனாலே கண்காட்சியின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

அடுத்து வந்த 'ஸ்பைடர்' விளக்கு 1967இல் இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதான காம்பசோ தோரோவை வென்றது. அதே காலத்தில் கார்ட்டெல் நிறுவனத்துக்காக 'கேடி 27' என்ற சிறிய பிளாஸ்டிக் மேசை விளக்கை வடிவமைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடியது அது. அந்நிறுவனத்துக்கே அவர் அளித்த 'யுனிவர்சாலே' நாற்காலி ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்க்கப்பட்டது. அதன் முதுகிலுள்ள துளை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. வார்ப்பை அச்சிலிருந்து எளிதில் எடுக்கவும் அது உதவியது.

தனித்தனி விளக்கும் நாற்காலியும் அவருக்குப் போதவில்லை. வீடே ஒரு விண்கலம்போல் இயங்க வேண்டுமென விரும்பினார். 1969இல் பேயர் நிறுவனத்துக்காகக் கொலோனில் 'விசியோனா' என்ற எதிர்கால இல்லத்தைக் காட்சிப்படுத்தினார். சமையலறை, குளியலறை, படுக்கை, அலமாரி அனைத்தையும் ஒரே தொகுப்பாக்கிய அவரது இறுதிப் படைப்பு, 1972இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. மறு ஆண்டு வெடித்த எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக்கின் விலையை உயர்த்தி, அக்கனவின் வேகத்தையும் குறைத்தது.

அக்ரிலிகாவை ஓலூச்சே பின்னரும் தயாரித்து வந்தது.