கொசுவைச் சுட்டிய மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே

கொசு கடித்தால் காய்ச்சல் வரும் என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தியாகும். ஆயின், 1881ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்த ஒரு மருத்துவரைக் கற்றோர் அவை ஏற்கவில்லை. கொசு மருத்துவர் என்று எள்ளி நகைத்தோரும் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வேளனத்தைப் பொறுத்துக்கொண்டு, தம் ஆய்வைக் கைவிடாது நின்றவர் கியூபா நாட்டு அறிஞர் கார்லோஸ் ஃபின்லே. அவர்தம் வாழ்வு கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் பயன் தரும் எனக் கருதி அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஃபின்லே 1833ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள், இன்று காமாகுவே என வழங்கும் கியூபா நகரில் பிறந்தார். தந்தையார் ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவர். தாயார் பிரெஞ்சுக் குலத்தவர். பிரான்சு நாட்டில் பயின்றுவந்த இளமைப் பருவத்தில் நோய் ஒன்று தாக்க, பேச்சில் திக்கல் ஏற்பட்டது. அக்குறை வாழ்நாள் முழுதும் அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவம் பயின்று 1855இல் பட்டம் பெற்றார். பின்னர் அவானா நகரில் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார்.

நாட்டை வாட்டிய நோய்

அக்காலத்தில் அவானாவை ஆண்டுதோறும் வாட்டி வந்தது மஞ்சள் காய்ச்சல். கடுஞ்சுரம், கண்ணும் தோலும் மஞ்சளித்தல், கரிய வாந்தி, குருதிப்போக்கு ஆகியவை அதன் குறிகள். துறைமுகங்கள் வழியே அது பிற நாடுகளுக்கும் பரவியது. 1793இல் பிலடெல்பியாவில் மட்டும் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை மாய்த்தது. நோயாளியின் ஆடை, படுக்கை, கெட்ட காற்று ஆகியவற்றால் அது பரவுவதாகவே பெரும்பாலோர் நம்பினர். ஃபின்லேயும் தொடக்கத்தில் காற்றிலுள்ள காரத்தன்மையே காரணம் என எண்ணிப் பல்லாண்டு ஆராய்ந்தார். 1879இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று அவானாவுக்கு வந்தது. அதனுடன் சேர்ந்து பணியாற்றிய பின், தாம் வளர்த்த கருத்தைத் தாமே கைவிட்டார். தம் கொள்கை தவறெனக் கண்டவிடத்து அதனைத் துறக்கும் துணிவு அறிஞர்க்கு அணியாகும் என்பதை இங்கே நாம் நினைவில் கொள்ளல் வேண்டும்.

கொசுவின் மீது ஐயம்

இந்நோய் குருதி நாளங்களைத் தாக்குவதை ஃபின்லே கண்டார். அங்ஙனமாயின், ஒருவர் குருதியிலிருந்து நோய்க்கூற்றை எடுத்து மற்றொருவர் குருதியில் சேர்க்கும் ஊசி போன்றதோர் இடைப்பொருள் இருத்தல் வேண்டுமன்றோ? அவர் நோக்கு கொசுவின்பால் சென்றது. கொசு வகைகள் பலவற்றையும் ஆராய்ந்து, வீட்டுநீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும் ஒரு வகையைத் தேர்ந்தார். இன்று ஏடிஸ் எஜிப்தி என வழங்கும் கொசு அதுவே. அதன் பெண்ணினம் ஒருமுறைக்கு மேல் குருதி உண்ணுவதையும் குறித்துக்கொண்டார். 1881 ஆகஸ்டு 14ஆம் நாள் அவானா அறிவியல் கழகத்தில் தம் கருத்தை எடுத்துரைத்தார். அவை அதனை ஏற்கவில்லை.

அதன்பின் தொண்டர்கள் நூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கொசுக்களால் கடிக்கச் செய்து ஆய்ந்தார். ஆயினும் ஐயமற்ற சான்று கிட்டவில்லை. காரணம் யாது? நோயாளியைக் கடித்த சில நாள்களிலேயே அக்கொசுக்களைப் பிறர்மேல் விட்டதேயாம். கொசுவின் உடலில் நோய்க்கிருமி பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பன்னிரண்டு நாள் அளவு வேண்டும். அவர் கண்ட கொசு சரி. கணித்த காலமே குறை.

மெய்ப்பிக்கப்பெற்ற உண்மை

1900இல் வால்டர் ரீடு தலைமையில் அமெரிக்க இராணுவக் குழு அவானாவுக்கு வந்தது. அப்போது ஃபின்லே அறுபத்தாறு வயதினர். தாம் போற்றி வளர்த்த கொசுக்களின் முட்டைகளை எவ்விதப் பொறாமையுமின்றி அக்குழுவிடம் வழங்கினார். அம்முட்டைகளினின்று வந்த கொசுக்களைக் கொண்டே ஆய்வு தொடங்கிற்று. அக்குழுவினருள் ஒருவராகிய ஜெஸ்ஸி லசியர் அந்நோய்க்கே இரையாகி, 1900 செப்டம்பர் 25இல் உயிர் நீத்தார். அதன்பின் நடந்த ஆய்வுகளில் நோயாளிகளின் அழுக்குப் படுக்கையில் உறங்கியோர் நலமாயிருந்தனர். கொசு கடித்தோரே நோயுற்றனர். ஃபின்லேயின் கொள்கை வென்றது.

1901இல் வில்லியம் கார்கஸ் என்னும் மருத்துவ அதிகாரி அவானாவில் நீர்த்தொட்டிகளை மூடச் செய்தார். தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றச் செய்தார். 1900இல் அந்நகரில் 310 பேரைக் கொன்ற மஞ்சள் காய்ச்சல், 1901இல் 18 பேரோடு அடங்கி, மறு ஆண்டில் மறைந்தது. பனாமாக் கால்வாய்ப் பணியும் இம்முறையாலேயே கைகூடிற்று. 1902இல் விடுதலை பெற்ற கியூபா, ஃபின்லேயைத் தலைமைச் சுகாதார அதிகாரியாக்கியது. 1909 வரை அப்பொறுப்பில் இருந்த அவர், 1915 ஆகஸ்டு 20இல் அவானாவில் மறைந்தார்.

நாம் பெறும் பாடம்

சிக்கந்தராபாத்தில் 1897இல் மலேரியாக் கொசுவை ஆராய்ந்து கண்ட ரொனால்டு ராஸ் 1902இல் நோபல் பரிசு பெற்றார். ஃபின்லேயோ பலமுறை முன்மொழியப் பெற்றும் அப்பரிசைப் பெற்றாரல்லர். எனினும், உயிர்பிழைத்த பல்லாயிரம் மக்களினும் மேலான பரிசு வேறு யாது?

மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் பரவவில்லை. ஆனால் ஃபின்லே சுட்டிய அதே கொசு இங்கும் உண்டு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் நமக்குக் கொண்டுவருவது அதுவே. மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் நிற்கும் சிறிதளவு நீரே அதற்குப் போதும். வாரம் ஒருமுறை நீர்க்கலங்களைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அதன் குலம் பெருகாது. அவானா நகர் 1901இல் செய்த பணியை நம் இல்லங்களிலும் கல்லூரி வளாகத்திலும் நாம் செய்ய இயலாதா? ஃபின்லே பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.