ஒருவரைப் பலராக்கும் தமிழ்!
முத்துக்குளித்துறையில் இலக்கணம் எழுதிய அண்டிரிக் பாதிரியார்

"அப்பா வந்தார்" என்கிறோம். "அப்பா வந்தான்" என்று சொல்வோமா? மாட்டோம்!

வந்தவர் ஒரே ஒருவர்தான். ஆனால் பழந்தமிழில் "வந்தார்" என்றால் பலர் வந்தார்கள் என்று பொருள். மரியாதைக்காக, ஒருவரைப் பலராக்கிப் பேசுகிறோம்.

நமக்கு இது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். கடல் கடந்து வந்த ஒருவர் இதை எப்படிக் கற்பார்? அதுவும், அச்சிட்ட தமிழ் எழுத்தே இல்லாத காலத்தில்?

அப்படிக் கற்றவர்தான் அண்டிரிக் பாதிரியார். என்றிக்கே என்றிக்கஸ் என்பது அவருடைய இயற்பெயர்.

கப்பல் ஏறி வந்தார்

1520ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்தார். 1545ல் ஏசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு கப்பல் ஏறிக் கோவாவுக்கு வந்தார்.

1547ல் சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார். ராமேசுவரம் பக்கத்தில் தொடங்கி, கன்னியாகுமரி வரை நீண்டு கிடக்கும் கடற்கரை அது. முத்துக் குளிக்கும் பரதவ மக்கள் அங்கே வாழ்ந்தார்கள்.

முதலில் அவருக்குத் துபாஷி தேவைப்பட்டது. தமிழ் கடினமாக இருந்தது. படிப்பதை ஒருமுறை விட்டும் விட்டார்! ஆனால் மனம் கேட்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்தார். இரவு பகலாகப் படித்தார். 1548ல் வேம்பாற்றிலிருந்து கடிதம் எழுதியபோது, தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதும் அளவுக்கு முன்னேறியிருந்தார்.

வேதாளையில் நடந்தது

1549ஆம் ஆண்டு. மண்டபத்துக்கு அருகே உள்ள வேதாளையில் போர்ச்சுக்கீசியருக்கும் வடுகர் படைக்கும் சண்டை மூண்டது. அந்தக் கரைக்குத் தலைவராக இருந்த கிரிமினாலி பாதிரியார் அதில் கொல்லப்பட்டார்.

தலைமைப் பொறுப்பு அண்டிரிக்கின் தோளில் ஏறியது. ஊர் ஊராகப் போக வேண்டும். துயரப்படுகிறவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். ஒரு சொல் தவறினாலும் மனம் புண்படும். துபாஷியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது?

ஒன்றா, பலவா?

அந்தக் கரையில் பல மொழிகள் ஒலித்தன. ராமேசுவரம் கோவிலில் வடமொழி. கீழக்கரைப் பள்ளிவாசலில் அரபு. இந்த இரண்டு மொழிகளிலும் ஒருமை, பன்மை தவிர, "இருமை" என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. இரண்டு பேருக்கு என்றே தனி உருவம்!

தமிழில் இருமை இல்லை. ஒருமை, பன்மை மட்டுமே. அண்டிரிக் படித்த லத்தீனிலும் அவ்வாறே. அவர் லத்தீன் முறைப்படி தமிழ்ப் பெயர்களை ஒருமையிலும் பன்மையிலும் அடுக்கி எழுதினார்.

அப்படியானால் வேலை சுலபம்தானே? இல்லை!

"நூறு மீன் பிடித்தேன்" என்கிறான் மீனவன். "நூறு மீன்கள்" என்று அவன் சொல்வதில்லை. "மீன் துள்ளியது" என்றால் ஒன்று. "மீன் துள்ளின" என்றால் பல. பெயர் மாறவில்லை. வினைதான் கணக்குச் சொல்கிறது.

அடுத்தது "நாம்", "நாங்கள்". லத்தீனிலும் போர்ச்சுக்கீசிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் "நாம் கடவுளின் பிள்ளைகள்" என்றால் கேட்பவரும் அதில் சேர்ந்தவர். "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார்! பிரசங்கம் செய்பவர் இதில் தவறலாமா? தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியிலும் இதே வேற்றுமை உண்டு. 1560ல் அந்த மொழிக்கு இலக்கணம் வெளியிட்ட ஸ்பெயின் பாதிரியார் இதை எடுத்துக் காட்டினார்.

மூன்றாவது மரியாதை. போர்ச்சுக்கீசிலும் பெரியவர் ஒருவரை நேரில் பன்மையில் அழைப்பது உண்டு. தமிழ் அதற்கும் மேலே போகிறது. எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போதும் "அவர் வந்தார்" என்கிறது.

தொல்காப்பியர் இதை அன்றே கவனித்தார். ஒருவரைப் பன்மையில் சொல்வது உலக வழக்கில் உயர்த்திப் பேசும் பேச்சு. இலக்கண முறை ஆகாது என்று வகுத்தார். ஆனால் மக்கள் விடவில்லை. "அவர்" என்ற பன்மை, ஒருவருக்கு மரியாதையாகிவிட்டது. பிறகு பலரைக் குறிக்க என்ன செய்வது? "கள்" சேர்த்து "அவர்கள்" என்றார்கள். பன்மைக்கு மேல் பன்மை!

மக்கள் தந்த "ஆர்"

1578ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்கப் புத்தகம் அச்சாயிற்று. மொழிபெயர்த்தவர் அண்டிரிக். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் பரதவ மக்கள். இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள புத்தகங்களில் இதுவே முதலாவது.

அதன் முகப்பில் அவர் பெயரைப் பாருங்கள். "பாதிரி" என்று இல்லை. "பாதிரியார்" என்று இருக்கிறது. அந்த "ஆர்" பலருக்கு உரிய விகுதி. தமிழ் படிக்க வந்தவரையே தமிழ் பலராக்கிவிட்டது!

1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் காலமானார். தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். அவர் எழுதிய இலக்கணம் கையெழுத்துப் பிரதியாக லிஸ்பன் நூலகத்தில் கிடந்தது. 1982ல்தான் அச்சில் வந்தது.

பல்லக்கில் போனவரை "அவர்" என்றும், பல்லக்கைச் சுமந்த முதியவரை "அவன்" என்றும் பேசிய காலம் உண்டு. இன்றும் சில வாய்களில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கிருந்தோ வந்தவருக்கு "ஆர்" போட்டது நம் தமிழ். நம் தெருவில் குப்பை அள்ளும் பெரியவருக்கும் அதைப் போடலாமே! காசா, பணமா?