வேதாந்த தேசிகரின் வாழ்க்கையில் பேரிடரும் அடைக்கலமும்: சின்ன காஞ்சிபுரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வைணவ ஆசாரியருள் ஒருவரான வேதாந்த தேசிகரின் வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் அவருடைய புலமையையும் வாதத்திறனையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அவ்வாழ்க்கையைப் பேரிடர், இழப்பு ஆகியவற்றின் நோக்கில் அணுகுகிறது. சின்ன காஞ்சிபுரத் தலக்கதைகளில் இடம்பெறும் வெள்ளமும் இருளும், 1323இல் திருவரங்கம் எதிர்கொண்ட அழிவு, 1371இல் நிகழ்ந்த மீட்சி ஆகியவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, அடைக்கலக் கோட்பாடு செயலின்மையைப் போதிக்கவில்லை என்பதும், அதை ஏற்ற சமூகம் சுமக்கத்தக்கவற்றைத் தேர்ந்து காத்தது என்பதும் புலப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வேதாந்த தேசிகர், தூப்புல், அடைக்கலம், சுருதப்பிரகாசிகை, பிரபந்தசாரம், திருவரங்கம்.

முன்னுரை

பேரிடர் காலத்தில் ஒரு சமயச் சமூகம் எதை இழக்கிறது, எதைக் காக்கிறது என்பது அச்சமூகத்தின் கோட்பாட்டை அறிவதற்கு நல்லதோர் உரைகல்லாகும். இறைவனை இடைவிடாது நினைத்திருத்தலே வாழ்வின் பயன் என்று கொண்ட வைணவ அடியார் குழாம் 14ஆம் நூற்றாண்டில் இத்தகைய சோதனைக்கு உள்ளாயிற்று. அக்குழாத்தின் முதன்மை ஆசிரியருள் ஒருவராக விளங்கியவர் வேங்கடநாதர் என்னும் இயற்பெயர் கொண்ட வேதாந்த தேசிகர். மரபுக் கணக்கின்படி அவர் வாழ்ந்த காலம் 1268 முதல் 1369 வரையாகும்.

அவருடைய வரலாற்றுக்குச் சான்றாக அமைவன பெரும்பாலும் குருபரம்பரை நூல்களே. மகனாகிய நயினாராசாரியர் தமிழில் இயற்றிய பிள்ளையந்தாதி அவருடைய காலத்தை ஒட்டியது. பிற்கால வரலாற்று நூல்கள் பக்தியால் விரித்துரைப்பன. ஆகவே, இக்கட்டுரையில் மரபு கூறுவது மரபின் கூற்றாகவும், கல்வெட்டு கூறுவது கல்வெட்டின் கூற்றாகவும் பிரித்துக் காட்டப்படுகின்றன.

தூப்புலும் தலக்கதைகளும்

தேசிகர் பிறந்த ஊர் சின்ன காஞ்சிபுரத்தை ஒட்டிய தூப்புல். தந்தை அனந்தசூரி, தாய் தோதாரம்பை. அவ்வூரில் எழுந்தருளியுள்ள பெருமாளுக்கு விளக்கொளிப் பெருமாள் என்பது பெயர். இப்பெயருக்கான காரணம் காஞ்சித் தலக்கதையில் உள்ளது. பிரமன் அத்திகிரியில் வேள்வி செய்யத் தொடங்கியபோது, ஊடல் கொண்ட கலைமகள் உலகை இருளில் ஆழ்த்தினாள் என்றும், திருமால் விளக்காய் நின்று அவ்விருளைப் போக்கினார் என்றும் அக்கதை கூறும். இறுதியில் கலைமகள் வேகவதி ஆறாய்ப் பெருக்கெடுத்து வேள்விச்சாலையை அழிக்க வந்தாள். திருமால் அவ்வெள்ளத்தின் குறுக்கே அணையாய்க் கிடந்தார். அவ்விடமே திருவெஃகா. பின்னர் வேள்வித்தீயினின்று வரதராசர் தோன்றினார்.

இருளும் வெள்ளமும் நெருப்பும் அடுத்தடுத்து வரும் இக்கதை, ஓர் ஊர் தன் இயற்கைப் பேரிடர் நினைவுகளைத் தொன்மமாக மாற்றிக்கொண்ட முறையைக் காட்டுவதாகக் கொள்ளலாம். இதில் ஆறு அழிக்கப்படுவதில்லை. அதன் வேகம் மட்டுமே தணிக்கப்படுகிறது. வெள்ளத்தைத் தடுத்தவர் படைக்கலம் ஏந்தவில்லை. குறுக்கே கிடத்தலே அவருடைய செயலாகிறது.

திருவெஃகாவிற்கு மற்றொரு கதையும் உண்டு. திருமழிசையாழ்வாரின் மாணவர் கணிகண்ணர் அரசனால் நாடுகடத்தப்பட்டபோது ஆழ்வாரும் உடன் புறப்பட்டார். பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவர்களைப் பின்தொடர்ந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை என வழங்குகிறது. அரசன் வருந்தி வேண்டியபின் மூவரும் மீண்டனர். இறைவன் ஊரைவிட்டு நீங்குவதும் மீள்வதும் ஆகிய நிகழ்ச்சி காஞ்சி வைணவரின் நினைவில் இவ்வாறு முன்னரே இடம்பெற்றிருந்தது.

தேசிகர் இத்தலங்களைத் தனித்தனியே பாடியுள்ளார். விளக்கொளிப் பெருமாள்மீது சரணாகதி தீபிகை, திருவெஃகா இறைவன்மீது வேகாசேது தோத்திரம், வேளுக்கை நரசிம்மர்மீது காமாசிகாட்டகம், அட்டபுயகரத்தார்மீது அட்டபுயாட்டகம், வரதராசர்மீது வரதராச பஞ்சாசத்து ஆகியவை வடமொழியில் அமைந்தன. பிரமனின் வேள்விக் கதையை மெய்விரதமான்மியம் என்னும் பெயரில் தமிழிலும் பாடினார். பிறந்த மண்ணின் பேரிடர்க் கதைகளைத் தம் இலக்கிய உழைப்பின் ஒரு பகுதியாகவே அவர் கொண்டார் என்பது இவற்றால் தெளிவாகும்.

விட்ட இடத்தை நினைவூட்டிய சிறுவன்

தேசிகரின் தாய்மாமன் கிடாம்பி அப்புள்ளார். அவருடைய ஆசிரியர் நடாதூர் அம்மாள், வரதராசர் கோயிலில் இராமானுசரின் ஸ்ரீபாஷியத்திற்கு உரை சொல்லிவந்தார். ஐந்து வயதுச் சிறுவனை அப்புள்ளார் அவ்வவைக்கு அழைத்துச் சென்றார். சிறுவனைக் கண்டு மகிழ்ந்த அம்மாள், உரையை எவ்விடத்தில் நிறுத்தினார் என்பதை மறந்தார். அவையினருக்கும் அது நினைவில்லை. சிறுவன் வேங்கடநாதனே அவ்விடத்தை எடுத்துக் கூறினான் என்பது மரபு.

இந்நிகழ்ச்சி வழக்கமாகக் குழந்தைப் பருவ அறிவாற்றலுக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. அம்மாளின் அவையில் அமர்ந்து கேட்ட மாணவருள் சுதரிசனசூரியும் ஒருவர். தாம் கேட்டவற்றை அவர் எழுதித் தொகுத்ததே சுருதப்பிரகாசிகை. காஞ்சிக் கோயிலில் வாய்மொழியாக நிகழ்ந்த பாடம் இவ்வாறு ஏட்டில் ஏறித் திருவரங்கம் சென்று சேர்ந்தது. பின்வரும் நிகழ்ச்சிகளுக்கு இச்செய்தி அடிப்படையாகிறது.

இருபது வயதிற்குள் கல்வியை நிறைவுசெய்த தேசிகர், திருவயிந்திரபுரம் சென்று நெடுங்காலம் தங்கினார். மும்மணிக்கோவை, நவமணிமாலை முதலிய தமிழ்ப் பனுவல்களும் பரமதபங்கமும் அங்கு எழுந்தன. பொருள் தேடாது உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார். விசயநகர அரசவைக்கு வருமாறு வித்தியாரணியர் அழைத்தபோது அதை மறுத்து வைராக்கிய பஞ்சகம் பாடினார் என்று மரபு கூறும். பின்னர்த் திருவரங்கத்தாரின் அழைப்பை ஏற்று அங்குச் சென்று, வாதங்களில் வென்று, வேதாந்தாசாரியர் என்னும் பட்டம் பெற்றார்.

தியானமும் அடைக்கலமும்

இராமானுசர் நெறியில் பக்தி என்பது தியானமே. எண்ணெய் ஒழுக்குப்போல் அறுபடாது தொடரும் நினைவாக அது விளக்கப்படுகிறது. அதற்கு உரிய தகுதியும் உறுப்புகளும் வாழ்நாள் முழுவதும் நீளும் பயிற்சியும் வேண்டும். இவை இயலாதவர்க்கு உரிய நெறி பிரபத்தி எனப்படும் அடைக்கலம். தேசிகர் மணிப்பிரவாள நடையில் இயற்றிய இரகசியத்திரயசாரம் 32 அதிகாரங்களில் இந்நெறியை விரித்துரைக்கிறது. வேறு வழியின்மையும் வேறு புகலின்மையும் அடைக்கலம் புகுவார்க்கு உரிய தகுதிகள். அச்செயல் ஒரே முறை செய்யப்படுவது, நொடிப்பொழுதில் நிறைவுறுவது.

இக்கோட்பாடு பேரிடரால் பிறந்ததன்று. அதன் வேர்கள் இராமானுசருக்கும் முற்பட்டவை. ஆயினும், அமைதியான காலத்தையும் நிலையான இருப்பிடத்தையும் வேண்டுவது தியானநெறி. ஊரும் கோயிலும் குலைந்த காலத்தில் எல்லார்க்கும் இயல்வதாக நின்றது அடைக்கல நெறியே. தேசிகர் அதை வடமொழியில் மட்டுமன்றி அடைக்கலப்பத்து முதலிய தமிழ்ப் பனுவல்களிலும் எளிமையாக்கித் தந்தது இவ்வகையில் பொருள் பொதிந்தது.

அடைக்கலம் புகுந்தவனுக்குத் துன்பம் வாராது என்று தேசிகர் கூறவில்லை. பயன்தரத் தொடங்கிவிட்ட வினையின் விளைவு உடல் உள்ளவரை தொடரும் என்பதே கோட்பாடு. ஆகவே, பேரிடரை இறைவன் கைவிட்டதன் அடையாளமாகக் கொள்ள அந்நெறியில் இடமில்லை.

பேரிடர்: சுமந்தவை

1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பு தமிழகத்தை உலுக்கியது. 1323இல் உலூக்கானின் தலைமையில் வந்த தில்லிப்படை திருவரங்கத்தைத் தாக்கியது. அப்போது தேசிகருக்கு வயது 55. திருவிழாக் கூட்டம் நிறைந்திருந்த ஊரில் பலர் உயிரிழந்தனர் என்று மரபு நூல்கள் கூறுகின்றன. மூலவரை மறைக்கக் கருவறையின்முன் சுவர் எழுப்பப்பட்டது. பிள்ளைலோகாசாரியர் சிலருடன் நம்பெருமாள் திருமேனியைச் சுமந்து தெற்கே சென்றார். மதுரையை அடுத்த சோதிக்குடியில் அவருடைய வாழ்வு முடிந்தது.

முதுமையுற்றிருந்த சுதரிசனசூரி தம் இரு மைந்தரையும் சுருதப்பிரகாசிகை ஏட்டையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். அவர் அவ்வழிவில் உயிர்துறந்தார். தேசிகர் பிணக்குவியலினிடையே சிறுவரோடும் ஏட்டோடும் மறைந்து கிடந்து, படை அகன்றபின் தப்பி, கருநாடகத்துத் திருநாராயணபுரத்தை அடைந்தார் என்பது மரபு.

இங்கு மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, எல்லாவற்றையும் இறைவன்மேல் வைத்த சமூகம் கைகட்டி நிற்கவில்லை. சுவர் எழுப்பியது, திருமேனியைச் சுமந்தது, ஏட்டைக் காத்தது. அடைக்கலம் என்பது வீடுபேற்றிற்கான வழியில் தன் முயற்சியைக் கைவிடுதலேயன்றி, பிறர்க்குச் செய்யவேண்டிய கடமையைக் கைவிடுதல் அன்று.

இரண்டாவது, சுமை பகிர்ந்துகொள்ளப்பட்டது. பிள்ளைலோகாசாரியர் திருமேனியைச் சுமந்தார். தேசிகர் ஏட்டையும் குழந்தைகளையும் சுமந்தார். பிற்காலத்தில் தென்கலை, வடகலை எனப் பிரிந்த இரு மரபினரும் இவ்விருவரையும் தத்தம் முதல்வராகக் கொண்டனர். ஆனால், பேரிடர் நேர்ந்த பொழுதில் இருவரும் ஒரே குழாத்தினர்; ஒருவர் செய்த பணி மற்றவர் பணியை நிறைவுசெய்தது. ஒரு மரபின் நூலை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோர் இப்பகிர்வைக் காணத் தவறுகின்றனர்.

மூன்றாவது, தேசிகர் காத்த ஏடு காஞ்சிக் கோயிலில் அம்மாள் சொன்ன பாடத்தின் பதிவு. விட்ட இடத்தை அன்று நினைவூட்டிய சிறுவனே முதிர்ந்த வயதில் அப்பாடம் முழுவதையும் அழிவினின்று மீட்டான் என்று மரபு அமைத்துக் காட்டுகிறது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்துப் படிக்கும்போது குழந்தைப் பருவக் கதையின் உட்பொருளும் விளங்கும்.

வேற்றூரில் வாழ்ந்த காலத்தில் அவர் அபீதித்தவம் பாடினார். அச்சத்தினின்று காக்குமாறும் திருவரங்கம் பழைய நிலையை அடையுமாறும் அரங்கனை வேண்டும் நூல் அது. தனி ஒருவரின் வீடுபேற்று வேண்டுதலாக நில்லாது ஓர் ஊருக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலாக அது அமைந்துள்ளது.

எண்ணிக்கை என்னும் காவல்

தேசிகரின் பிரபந்தசாரம் ஆழ்வார்களின் பிறந்த ஊர், நாள், அவர்கள் அருளிய பனுவல், பாசுரத் தொகை ஆகியவற்றைத் தமிழில் தொகுத்துரைக்கிறது. திருமடல் இரண்டையும் தனித்தனி ஒரு பாட்டாகக் கொண்டால் ஆழ்வார் பாசுரங்கள் 3776 ஆகும். தேசிகர் சிறிய திருமடலை 40 ஆகவும் பெரிய திருமடலை 78 ஆகவும் கணக்கிட்டு, இராமானுச நூற்றந்தாதியின் 108 பாட்டையும் சேர்த்து, 4000 என்னும் தொகையை நிறுவுகிறார்.

இது வெறும் பட்டியல் அன்று. ஏடுகள் அழிந்து, ஓதுவார் சிதறி, கோயில்களில் ஓதுதல் தடைப்படும் காலத்தில், ஒரு பாசுரம் விடுபட்டாலும் எண்ணிக்கை அதைக் காட்டிக்கொடுக்கும். திவ்வியப்பிரபந்தம் ஓதும் உரிமைக்காகத் திருவரங்கத்தில் தேசிகர் போராடினார் என்று மரபு கூறுவதும் இத்துடன் இணைத்து நோக்கத்தக்கது.

ஆனால், பிறர் நூலைக் காத்தவரின் தமிழ்ப் பனுவல்கள் முழுமையாகக் காக்கப்படவில்லை. திருவயிந்திரபுரத்து இறைவன்மீது பாடிய மும்மணிக்கோவையில் இன்று கிடைப்பவை 10 பாடல்களே. பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல் என்னும் மகளிர் விளையாட்டு வடிவங்களில் அவர் பாடியவை மறைந்தன. அவற்றின் பெயர்களை நவமணிமாலையில் அவரே எண்ணிச் சொல்லியிருப்பதால்தான் இழந்தவை எவை என்பதேனும் இன்று தெரிகிறது. எண்ணிவைத்தலின் பயன் அவருடைய நூல்களிலேயே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

மீட்சியும் ஒரு காலச் சிக்கலும்

திருமலை, செஞ்சி முதலிய இடங்களில் தங்கிய நம்பெருமாள் திருமேனியை விசயநகரத் தளபதி கோபணாரியர் 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். இச்செய்தியைக் கூறும் வடமொழிச் செய்யுள்கள் இரண்டு அக்கோயிலில் கல்வெட்டாக உள்ளன. அவற்றை இயற்றியவர் தேசிகரே என்பது மரபு. ஆனால், அம்மரபே அவருடைய மறைவை 1369 என்கிறது. இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே பொருந்தா.

கல்வெட்டுச் செய்யுள்களில் இயற்றியவர் பெயர் இல்லை. ஆகவே, கல்வெட்டின் காலத்தை உறுதியாகக் கொண்டு, ஆசிரியர் பற்றிய கூற்றைச் சமூக நினைவின் வெளிப்பாடாகக் கொள்வதே ஏற்புடையது. இழப்பைக் கண்டவர் மீட்சியையும் காணவேண்டும் என்று அச்சமூகம் விழைந்தது; அதனால் அவரை அந்நிகழ்ச்சியில் நிறுத்திற்று. திருமேனியைச் சுமந்தவரும் ஏட்டைச் சுமந்தவரும் மீட்சிக்கு முன்பே மறைந்தனர் என்பதே காலக்கணக்கு காட்டும் முடிவு.

நிறைவுரை

வெள்ளத்தையும் இருளையும் கதையாக்கி நினைவில் வைத்த ஊரில் தேசிகர் பிறந்தார். அக்கதைகளில் இறைவன் விளக்காகவும் அணையாகவும் நின்றான். 1323ஆம் ஆண்டின் அழிவில் அவ்வாறு ஒருவரும் தோன்றவில்லை. மனிதரே சுவர் எழுப்பினர், மனிதரே சுமந்தனர். அடைக்கலம் புகுந்தோர் அச்சுமையை அடைக்கலத்திற்கு மாறானதாகக் கருதவில்லை. பிற்காலத்திலும், 1688இல் படையெடுப்பு அச்சத்தால் வரதராசர் திருமேனி உடையார்பாளையம் கொண்டுசெல்லப்பட்டு 1710இல் மீட்கப்பட்டபோது, காஞ்சி வைணவர் செய்தது இதுவே. தாம் காணப்போகாத மீட்சிக்காகக் காத்துவைத்தலே தேசிகர் வாழ்க்கை உணர்த்தும் அடைக்கல நெறி எனலாம். சுருதப்பிரகாசிகை இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.