நடுக்கத்தைக் கவனித்த டாக்டர்

பாரிஸ் நகரில் குதிரை வண்டி செய்யும் ஒருவருக்கு 1825-ல் ஒரு மகன் பிறந்தான். பெயர் ழான் மார்ட்டின் ஷார்கோ. அவன் படித்து டாக்டரானான்.

1862-ல் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்கோ பொறுப்பேற்றார். ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தார்கள். பலருக்குக் கை நடுக்கம். எல்லாம் ஒரே வியாதி என்று பலர் எண்ணியிருந்த காலம் அது.

ஷார்கோ உற்றுக் கவனித்தார். சிலருக்குக் கை சும்மா இருக்கும்போதே நடுங்கியது. வேறு சிலருக்கோ, ஒரு பொருளை எடுக்கப் போனால்தான் நடுங்கியது! இந்த இரண்டாம் வகையினர் இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் சோதித்தார். அங்கங்கே தழும்புகள் தெரிந்தன. இது தனி நோய் என்று 1868-ல் தெளிவாக விளக்கினார். அதுவே மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்.

நோயைக் கண்டவர் மருந்தைக் காணவில்லை. 1893-ல் காலமானார்.

பிறகு வெகு காலம், உடம்பை வருத்தினால் நோய் முற்றும் என்று டாக்டர்கள் அஞ்சினார்கள். நோயாளிகளை ஓய்வாக இருக்கச் சொன்னார்கள். சும்மா இருந்ததால் இருந்த பலமும் குறைந்தது.

1996-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சி வெளியாயிற்று. அதில் 54 நோயாளிகள் பங்கு கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 15 வாரம், வாரத்துக்கு மூன்று முறை, கையாலும் காலாலும் சைக்கிள் மிதிப்பது போன்ற பயிற்சி செய்தார்கள். நோய் நீங்கவில்லை. ஆனால் உடல் பலம் கூடிற்று; மனச்சோர்வு குறைந்தது!

இன்று டாக்டர்களே இந்த நோயாளிகளுக்குச் சக்திக்கேற்ற உடற்பயிற்சியைச் சொல்கிறார்கள். ஷார்கோவுக்கு நோயைக் காட்டிக் கொடுத்தது உடலின் அசைவு. அந்த அசைவே இன்று நோயாளிக்குத் துணை நிற்கிறது.