மொழிக்காக உயிர் வாழ்ந்த சிரி யுக்கியே



ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ தீவு உள்ளது. அதன் வரைபடத்தில் நொபொரிபெட்சு என்னும் ஊரைக் காண்பீர்கள். அப்பெயரின் ஈற்றில் மறைந்திருப்பது ஆற்றைக் குறிக்கும் பெத் என்ற ஐனு மொழிச் சொல். ஐனு என்றால் மனிதன் என்று பொருள். அந்த ஊரில், 1903ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் திகதி, ஐனுக் குடும்பமொன்றில் பிறந்தவரே சிரி யுக்கியே.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1899இல், ஜப்பானிய அரசு கொண்டுவந்த சட்டம் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த அம்மக்களை உழவராக்கவும் ஜப்பானியராக்கவும் முற்பட்டது. பாடசாலையில் தாய்மொழிக்கு இடமில்லை. ஆனால் யுக்கியே வளர்ந்த வீடு வேறு. சிறு வயதிலேயே அசஹிக்கவாவிலிருந்த பெரியம்மா இமேகனுவிடம் அவர் அனுப்பப்பட்டார். இமேகனு அங்கிலிக்கன் சபையின் நற்செய்திப் பணியாளர். உடனிருந்த பாட்டியாரோ யுக்கார் எனப்படும் வாய்மொழிக் காவியங்களைப் பாடுவதில் வல்லவர். செபமும் யுக்காரும் ஒரே கூரையின் கீழ் ஒலித்தன! ஆந்தையும் நரியும் தவளையும் தம் கதையைத் தாமே சொல்லும் பாடல்களும் அவற்றில் உண்டு.

1918இல் டோக்கியோவிலிருந்து மொழியியலாளர் கின்டாய்ச்சி கியோசுகே அவ்வீட்டிற்கு வந்தார். பிறர் இழிவாக எண்ணிய அப்பாடல்களை அவர் அருஞ்செல்வமெனப் போற்றியபோது, பதினைந்து வயது யுக்கியே தம் வாழ்வை அவற்றுக்கே கையளிக்கத் துணிந்தார். ஐனுவுக்குத் தனி எழுத்து இல்லை. எனவே ஐனு மூலத்தை உரோம எழுத்திலும், அதன் எதிரே ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் எழுதினார்.

இம்மொழி எங்கிருந்து வந்தது? 1889இல் ஐனு அகராதியை வெளியிட்ட அங்கிலிக்கன் குரு ஜோன் பச்சலர் அதனை ஆரிய மொழிகளோடு இணைக்க முயன்றார். வேறு சிலர் வட ஆசிய மொழிகளோடும், இன்னும் சிலர் தென்கிழக்காசிய மொழிகளோடும் உறவு தேடினர். ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. தெய்வத்தைக் குறிக்கும் ஐனுவின் கமுய், ஜப்பானிய மொழியின் காமியைப் போல ஒலிப்பது உண்மையே. ஆயினும் அயலவர் சொற்களை இரவல் வாங்குவது எங்கும் உள்ளதுதானே? எண்ணும் முறையைப் பாருங்கள்: ஐனு இருபது இருபதாக எண்ணும்; முப்பது என்பது இரண்டு இருபதுகளுக்குப் பத்துக் குறைவு. ஜப்பானியம் அவ்வாறு எண்ணுவதில்லை. எனவே ஐனுவைத் தனித்து நிற்கும் மொழியென்றே அறிஞர் வகுக்கின்றனர். அதனால்தான் அதன் இழப்பு பெரிதாகிறது. அது மறைந்தால், அதன் சாயலைக் காட்ட உடன்பிறந்த மொழி வேறில்லை.

யுக்கியேயின் இதயமோ பலவீனமானது. 1922 மே மாதம் டோக்கியோ சென்று கின்டாய்ச்சியின் இல்லத்தில் தங்கி நூலைச் செப்பனிட்டார். அப்பணி நிறைவுற்ற செப்டெம்பர் 18ஆம் திகதி இரவே அவரது உயிர் பிரிந்தது. வயது 19. பதின்மூன்று பாடல்கள் கொண்ட அவரது நூல் 1923இல் வெளிவந்தது.

தம்பி மஷிஹோ பின்னர் ஐனு மொழி அறிஞரானார். பெரியம்மா இமேகனுவோ, மகளாய் வளர்த்தவள் விட்ட இடத்திலிருந்து தாமே எழுதத் தொடங்கி, 1961இல் இறக்குமுன் நூற்றுக்கு மேற்பட்ட குறிப்பேடுகளை யுக்கார்களால் நிரப்பினார்.