பௌதிகம் படித்தவர் உயிரின் முறுக்கைக் கண்டார்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. பூனை அளவுள்ள சாம்பல் நிற அணில்கள் அங்கே மரத்துக்கு மரம் தாவுகின்றன. 1988-ல் அவற்றுக்காகவே சரணாலயம் ஏற்பட்டது.

அவ்வளவு தாவியும் அணிலின் தசைநார் அறுந்து போவதில்லையே, ஏன்?

அந்த நாருக்குள் இருக்கும் முறுக்கைக் கண்டுபிடித்தவர் ஜி.என். ராமச்சந்திரன். உயிருள்ள பொருளைப் பௌதிகத்தின் கண் கொண்டு பார்க்கும் படிப்புக்கு உயிர் பௌதிகம் என்று பெயர். உயிர் இயற்பியல் என்றும் சொல்வார்கள். அதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆனால், அந்தப் பெயரில் பட்டம் எதுவும் அவர் வாங்கியதில்லை!

தந்தையின் ஆசை

1922-ல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வளர்ந்தது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் ஆனர்ஸ் படித்து, 1942-ல் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார்.

மகன் பெரிய உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ரெயில்வே என்ஜினீயர் பரீட்சைக்கு டெல்லிக்கு அனுப்பினார். மகனுக்கோ விஞ்ஞானத்தில்தான் நாட்டம். பரீட்சையில் வேண்டுமென்றே தவறிவிட்டார் என்று சொல்வார்கள். எந்த வீட்டில்தான் இந்த இழுபறி இல்லை?

பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மின்சார என்ஜினீயரிங்கில் சேர்ந்தார். அங்கே சர் சி.வி. ராமன் இருந்தார். பையனின் அறிவைப் பார்த்துத் தம்முடைய பௌதிகப் பகுதிக்கே இழுத்துக் கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய், 1949-ல் திரும்பினார்.

மூன்று புரிக் கயிறு

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 29! அந்த ஆண்டு சென்னை வந்த பெர்னால் என்ற விஞ்ஞானி, தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெரியவில்லை என்றார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக் கொண்டார்.

பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கொலாஜனுக்குப் பஞ்சமில்லை. கங்காரு வாலின் தசைநாரைக்கூட எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954-ல் விடை சொன்னார்கள். மூன்று இழைகள் சேர்ந்த முறுக்கு அது!

தென்னந்தோப்பில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு புரி அறும். மூன்று புரி முறுக்கினால் அறாது. கொலாஜனில் இன்னொரு அதிசயம். முறுக்கின் நடுவில் இடமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்ற மிகச் சிறிய மணியாகவே இருக்கிறது.

இங்கிலாந்திலிருந்து கிரிக், ரிச் என்ற இருவர் குறை சொன்னார்கள். சில அணுக்கள் மிகவும் நெருங்கி நிற்கின்றன என்றார்கள். வேறொருவர் என்றால் சண்டைக்குப் போயிருப்பார். ராமச்சந்திரன் கணக்குக்குப் போனார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அளவுகளைத் திரட்டினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-ல் ஒரு படம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்ப முடியாது என்று அது காட்டியது.

இதற்கெல்லாம் முதல், திருச்சியில் படித்த பௌதிகமும் வீட்டில் கற்ற கணக்கும்தான். ராஜபாளையத்துப் பிள்ளை ஒன்று உயிர் பௌதிகம் படிக்க நினைத்தால், முதலில் கணிதத்தோடும் ரசாயனத்தோடும் பி.எஸ்சி. பௌதிகம் படிப்பது நல்ல வழி. உயிர் பௌதிகத்தை எம்.எஸ்சி.யில் எடுத்துக் கொள்ளலாம்.

ராமச்சந்திரன் 2001-ல் சென்னையில் காலமானார். இன்றும் எந்த நாட்டில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று அவர் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.